ஈயம் வந்த வழியும் போன வழியும்

கம்பார், கோப்பேங் வழியாக ஈப்போவுக்குப் போகிறவர்கள் இரண்டு காட்சிகளைக் காணாமல் இருக்க முடியாது. ஒன்று, செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். மற்றொன்று, சாலையோரங்களில் பரந்து கிடக்கும் பெரிய பெரிய குட்டைகள். குன்றுகள் இயற்கை செய்தவை. குட்டைகள் மனிதன் தோண்டியவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்நாட்டு ஈயத்தின் வரலாறு முழுமையாக விளங்கும்.

சீனச் சங்கங்களின் சண்டை, பங்கோர் உடன்படிக்கை, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் என்று ஈயத்தின் அரசியல் கதையைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த ஈயம் ஏன் கிந்தாப் பள்ளத்தாக்கில் இவ்வளவு அள்ள அள்ளக் கிடைத்தது என்று கேட்டிருக்கிறோமா? அந்தக் கேள்விக்குப் பாறைகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று வகைப் பாறைகள்

நிலவியல் அறிஞர்கள் பாறைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. மணலும் சேறும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப் பாறை. இவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேறு உருவம் கொண்டால் உருமாறிய பாறை.

கிந்தாவில் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஈப்போ கல்லுமலைக் கோயிலைத் தாங்கி நிற்கும் குன்று சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் கிரானைட் எனப்படும் கருங்கல். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக மேலேறி இறுகிய தீப்பாறை. அந்தக் கொதிப்பு பட்ட இடங்களில் சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியது. ஈப்போ பளிங்குக்கல் அப்படி வந்ததுதான்.

கருங்கல் குழம்பு ஆறும்போது அதிலிருந்து பிரிந்த சூடான நீர்மங்கள் பாறை வெடிப்புகளில் புகுந்து, அங்கே காசிட்டரைட் என்ற கனிமத்தை விட்டுச் சென்றன. ஈயத்தின் தாதுப்பொருள் இதுதான். சுத்தமான தாது 100 கிலோ இருந்தால் அதில் ஏறக்குறைய 78 கிலோ ஈயம். மியன்மாரிலிருந்து தாய்லாந்து, தீபகற்ப மலேசியா வழியாக இந்தோனேசியாவின் பங்கா, பெலிதுங் தீவுகள் வரை நீளும் ஈயப்பட்டை இவ்வாறு உருவானது.

ஆறு செய்த வேலை

பாறைக்குள் அடைபட்ட ஈயத்தை உடைத்தெடுப்பது பெரும்பாடு. அந்த வேலையை மழையும் ஆறும் பல லட்சம் ஆண்டுகளாக நமக்காகச் செய்து வைத்தன. வெயிலிலும் மழையிலும் கருங்கல் இற்று மண்ணானது. காசிட்டரைட் மட்டும் இற்றுப் போகவில்லை. மேலும், சாதாரண மணலைவிட அது இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. அரிசி அரிக்கும்போது கல் பாத்திரத்தின் அடியில் தங்குவது போல, ஆற்றுநீர் மணலை அடித்துக்கொண்டு போக, ஈயத்தாது பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிட்டது. அங்கே சுண்ணாம்புக்கல் தரை நீரில் கரைந்து குழியும் முகடுமாக இருந்தது. அந்தக் குழிகள் தாதுவைப் பிடித்து வைத்துக்கொண்டன.

மனிதன் கையாண்ட முறைகளும் இதே தத்துவத்தில் அமைந்தவைதான். டூலாங் என்ற அகன்ற மரத்தட்டை ஆற்றில் சுழற்றித் தாதுவைப் பிரித்த பெண்களும், பீய்ச்சியடிக்கும் நீரால் மண்ணைக் கரைத்து பாலோங் என்னும் மரவாய்க்காலில் ஓடவிட்ட சுரங்கத் தொழிலாளர்களும், ஆறு செய்ததையே விரைவாகச் செய்தார்கள்.

ஈயம் எழுப்பிய ஊர்கள்

1840களில் லாருட்டில் ஈயம் பெருமளவில் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கான சீனச் சங்கங்களின் மோதல் 1861 முதல் பல ஆண்டுகள் நீடித்து, 1874 பங்கோர் உடன்படிக்கையில் முடிந்தது. பேராக்கில் பிரிட்டிஷார் காலூன்ற அது வழி செய்தது. பின்னர் கிந்தா முந்தியது. ஆற்றங்கரைச் சிற்றூராக இருந்த ஈப்போ நகரமானது.

ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் தேவைப்பட்டது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. நம்மவர் வரலாறு ஈயத்தோடு இணைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மலாயாவில் தண்டவாளம் போட்ட கைகளில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கைகள் ஏராளம். ரயில் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பணியாற்றினர்.

சிங்கப்பூருக்கும் இதில் பங்குண்டு. 1887-இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1890-இல் பிராணித் தீவில் உருக்காலை அமைத்தது. தீபகற்பத்தின் தாது அங்கே உருகிக் கட்டியாகி உலகச் சந்தைக்குப் போனது. அந்நூற்றாண்டின் முடிவில் உலக ஈய உற்பத்தியில் ஏறக்குறைய பாதி மலாயாவுடையது.

1913-இல் கிந்தாவில் ஈயக்கப்பல் வந்தது. தானே தோண்டிய குட்டையில் மிதந்துகொண்டு, சங்கிலியில் கோத்த வாளிகளால் மண்ணை வாரிய இயந்திரம் அது. 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த 4,500 டன் எடையுள்ள கப்பல் ஒன்றைத் தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் பார்க்கலாம்.

சரிந்த விலை

1972-இல் மலேசியா 76,000 டன்னுக்கு மேல் ஈயம் எடுத்தது. அதன்பின் இறங்குமுகம். நல்ல நிலங்கள் தீர்ந்துவந்தன. டின்களில் அலுமினியம் புகுந்தது. பிரேசில் மலிவாக விற்றது. விலையைத் தாங்கிப் பிடிக்க ஈயத்தை வாங்கிக் குவித்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்தது. 1985 அக்டோபர் 24-இல் லண்டன் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1990களின் நடுப்பகுதியில் உற்பத்தி 10,000 டன்னுக்கும் கீழே இறங்கியது.

எஞ்சியது யாருக்கு?

ஈயம் போனது, குட்டைகள் நின்றன. சில மீன் வளர்க்கவும் சில பொழுதுபோக்கு மையங்களாகவும் பயன்பட்டன. சிலாங்கூரின் சன்வே லகூன் பழைய ஈய நிலத்தில் எழுந்ததுதான். வேறு சில, குளிக்கப் போன பிள்ளைகளின் உயிரைப் பறித்தன.

தாது பிரித்தபின் எஞ்சும் கனமான மணலை ஆமாங் என்பார்கள். அதில் உள்ள மொனசைட் என்ற கனிமத்தில் அருமண் தனிமங்களோடு கதிரியக்கமுள்ள தோரியமும் உண்டு. அதைப் பதப்படுத்திய ஓர் ஆலை 1982-இல் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. கழிவைக் கண்டு அஞ்சிய மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறினாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது.

இது பழங்கதை அல்ல. கைத்தொலைபேசிக்குள் உறுப்புகளை ஒட்ட வைக்கும் பற்றாசு பெரும்பாலும் ஈயம்தான். 2021-இல் ஈயம் டன்னுக்கு 40,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. 2022-இல் பேராக்கில் அருமண் எடுக்கும் முன்னோடித் திட்டமும் தொடங்கியது. அந்த அருமண்ணும் இற்றுப்போன அதே கருங்கல்லின் களிமண்ணில்தான் இருக்கிறது.

ரப்பர் மரத்தை வெட்டினால் மறுபடி நடலாம். கனிமத்தை மறுபடி நட முடியாது. 20 கோடி ஆண்டுகள் உருவாக்கியதை நாம் ஏறக்குறைய 150 ஆண்டுகளில் பெரும்பாலும் எடுத்து முடித்தோம். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வருமானத்தில்தான் இந்நாட்டின் ரயிலும் சாலையும் நகரங்களும் எழுந்தன. ஆனால் அடுத்த குழியைத் தோண்டுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைக்க வேண்டும்: வரும் பணம் எதற்குச் செலவாகும்? கழிவை யார் பொறுப்பேற்பார்? குழியை யார் மூடுவார்? கிந்தாவில் இவற்றை முன்கூட்டியே கேட்டிருந்தால், பல குட்டைகளுக்கு வேலி போட்டிருப்போம்; சில பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள்.