பருத்தி வாடிய கதை

ஆறுமுகநேரி என்றால் உப்பு. கோவில்பட்டி, விளாத்திகுளம் என்றால் கரிசலும் பருத்தியும். அந்தப் பருத்திப் பொதிகள்தான் ஒரு காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பெருமை சேர்த்தன. "நேத்து நல்லாத்தான் நின்னுது, இன்னைக்குத் தலை தொங்கிட்டு" என்று சம்சாரி புலம்புகிறாரே, அந்த வாடல் நோய்க்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் பலர் அறியாதது.

நோயைத் தருவது ஃபுசாரியம் என்னும் மண்வாழ் பூஞ்சை. வேர் வழியே நுழைந்து, தண்டின் நீர்க்குழாய்களில் பரவும். குழாய் அடைபட்டுச் செடி வாடுகிறதா, பூஞ்சை கக்கும் விஷத்தாலா? விஞ்ஞானிகளுக்குள் இது பெரிய வழக்கு. 1934ல் ஜப்பானில் யபுதா குழுவினர் ஃபுசாரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். சுவிட்சர்லாந்தின் கோய்மன், செடியை வாட்டும் விஷம் இது என்றார். சரி, குடுவையில் வளரும்போது பூஞ்சை செய்வதைச் செடிக்குள்ளும் செய்யும் என்று எப்படி நம்புவது?

இதற்கு விடை சென்னையிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்கு 1944ல் இயக்குநரானவர் பேராசிரியர் டி.எஸ். சதாசிவன். அவரது கூடத்தில் பருத்தி வாடலே முக்கிய ஆராய்ச்சி. 1955ல் அங்கிருந்து லட்சுமிநாராயணன், சுப்பிரமணியன் இருவரும், நோயுற்ற பருத்திச் செடிக்குள்ளேயே அந்த அமிலம் இருப்பதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். உலகம் திரும்பிப் பார்த்தது. 1974ல் சதாசிவனுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

பூஞ்சை அதை எப்படித்தான் தயாரிக்கிறது? இந்தக் கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. மக்காச்சோளத்தைத் தாக்கும் ஃபுசாரியத்தில், இதற்கான 5 ஜீன்களை 2012ல் கண்டுபிடித்தார்கள். 2015ல் அந்தக் கணக்கு 12 ஆனது. எல்லாம் ஒரே தெருவில் வரிசை வீடு மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன! ஒன்று, கார்பன் துண்டுகளைச் சங்கிலியாகக் கோக்கும் என்சைமுக்கு உரியது. இரண்டு, மற்றவற்றை முடுக்கிவிடுபவை. இன்னொன்று விஷத்தை வெளியே தள்ளுகிறது. பூஞ்சை தன்னையும் காத்துக்கொள்ள வேண்டாமா? உயிர்காக்கும் பெனிசிலினின் ஜீன்களும் இப்படித்தான் கூடியிருக்கின்றன.

இந்தப் பூஞ்சை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். பயிரை மாற்றிப் போட்டாலும் லேசில் போகாது. விஷத்தின் ஜீனைத் தெரிந்துகொண்டால், அதைத் தாங்கும் ரகத்தைத் தேடவும் ஒரு வழி பிறக்கும். தம்பி தங்கைகளே, கேள்வி நம் பருத்தியில் பிறந்தது. மீதி விடையையும் நம் மண்ணிலேயே தேடுங்களேன்!