யூஜின் புல்லார்ட்: 77 ஆண்டுகள் தாமதமாக வந்த அதிகாரிப் பதவி

அமெரிக்காவின் முதல் கறுப்பின ராணுவ விமானியாக அறியப்படும் யூஜின் ஜாக் புல்லார்ட், தாய்நாட்டின் ராணுவச் சீருடையில் ஒருநாளும் விமானம் ஓட்டியதில்லை. பிரான்ஸ் நாட்டின் போர் விமானத்திலேயே அவர் பறந்தார்.

ஜார்ஜியா மாகாணத்தின் கொலம்பஸ் நகரில் 1895 அக்டோபர் 9-ஆம் தேதி பிறந்தவர் புல்லார்ட். அவருடைய தந்தையை வெள்ளையர் கும்பல் ஒன்று கொல்ல முயன்றது. பிரான்சில் நிறத்தை வைத்து மனிதரை மதிப்பிடுவதில்லை எனத் தந்தை கூறியதை மனதில் கொண்டு, சிறு வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறினார். 1912-இல் சரக்குக் கப்பலில் ஒளிந்து ஸ்காட்லாந்து சென்றடைந்த அவர், குத்துச்சண்டை வீரராகப் பிழைத்து, பின்னர் பாரிஸில் குடியேறினார்.

முதல் உலகப் போர் மூண்டதும் பிரான்சின் அந்நியர் படைப்பிரிவில் சேர்ந்தார். 1916-இல் வெர்டூன் போர்க்களத்தில் படுகாயமடைந்தார். காலாட்படைக்குத் திரும்ப இயலாத நிலையில் விமானப் பயிற்சி பெற்று, 1917 மே மாதம் விமானி உரிமம் பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இருபதுக்கும் மேற்பட்ட முறை போர்ப் பணியில் பறந்தார். எதிரி விமானங்கள் இரண்டை வீழ்த்தியதாக அவர் கூறியபோதிலும், அதற்கு அதிகாரபூர்வ உறுதிப்பாடு இல்லை.

அமெரிக்கா போரில் இறங்கியபோது, பிரெஞ்சுப் படையில் இருந்த அமெரிக்க விமானிகள் சொந்த நாட்டு ராணுவத்துக்கு மாற அழைக்கப்பட்டனர். புல்லார்டும் விண்ணப்பித்தார், மருத்துவப் பரிசோதனையிலும் தேறினார். ஆயினும் வெள்ளையர் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். போர் அனுபவம் மிக்க விமானி ஒருவரை அந்த ராணுவம் நிறத்துக்காக இழந்தது என்பதே இதன் பொருள்.

போருக்குப் பின் பாரிஸில் இரவு விடுதி நடத்திய அவர், 1940-இல் ஜெர்மானியப் படையெடுப்பின்போது மீண்டும் ஆயுதம் ஏந்திக் காயமடைந்து, ஸ்பெயின் வழியாக நியூயார்க் திரும்பினார். அங்கு அவரை அறிந்தோர் சிலரே. 1949-இல் பீக்ஸ்கில் இசை நிகழ்ச்சியையொட்டி நடந்த கலவரத்தில் அவர் தாக்கப்பட்டார்.

பிரான்ஸ் அவரை மறக்கவில்லை. 1954-இல் பாரிஸ் வெற்றி வளைவில் உள்ள பெயர் தெரியாப் போர்வீரர் நினைவுச் சுடரை ஏற்ற அழைக்கப்பட்டார். 1959-இல் அந்நாட்டின் உயரிய லெஜியன் டி ஹானர் விருது வழங்கப்பட்டது. அப்போது அவர் ராக்ஃபெல்லர் மையத்தில் லிஃப்ட் இயக்குநராகப் பணிபுரிந்துவந்தார். அந்த வேலைக்கான சீருடையிலேயே தொலைக்காட்சி நேர்காணலிலும் தோன்றினார்.

1961 அக்டோபர் 12-ஆம் தேதி காலமான புல்லார்டின் உடல், நியூயார்க்கின் ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டத்தில் பிரெஞ்சு முன்னாள் படைவீரர்களுக்கான பகுதியில் அடக்கம் செய்யப்பட்டது. அமெரிக்க விமானப்படை 1994-இல் அவருக்கு இரண்டாம் லெப்டினன்ட் பதவியை மறைவுக்குப் பின் வழங்கியது. 2019 அக்டோபரில், பிறந்த மாகாணமான ஜார்ஜியாவின் வார்னர் ராபின்ஸ் விமான அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.