கோபுரம் முத்திரையான கதை

திட்டக்குடி தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ கைக்கு வந்ததும், பெயரும் இனிஷியலும் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். தலைப்பில் நிற்கும் கோபுரத்தில் கண் நிற்பதில்லை. அது அங்கே வந்ததில் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு.

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். முதல்வர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். சில மாதங்களில் சுதந்திரம் வந்தது. புது அரசுக்குப் புது முத்திரை வேண்டியிருந்தது. மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் வரைந்தார். 1949-ல் அது அரசு முத்திரையானது.

அரசர் காலத்து முத்திரைகள் வேறு கதை சொல்லும். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு பாண்டியரின் இரட்டை மீனும் சேரரின் வில்லும் உண்டு. தோற்றவர் சின்னத்தையும் தன் முத்திரையில் ஏற்றுவது வென்றவனின் வழக்கம். 1949-ல் வென்ற அரசனும் இல்லை, தோற்ற அரசனும் இல்லை. நடுவே அசோகரின் சிங்கத்தூண், இருபக்கமும் தேசியக் கொடி, பின்னால் கோபுரம் என்று அமைந்தது.

எந்த ஊர்க் கோபுரம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் என்பது ஊரறிந்த பேச்சு. மதுரை மீனாட்சி கோயிலின் மேலக் கோபுரத்தைப் பார்த்தே வரைந்ததாகக் கிருஷ்ணா ராவ் சொன்னார் என்றும் உண்டு. மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் சின்னமா என்ற கேள்விக்கு, இது திராவிடக் கட்டடக் கலையின் அடையாளம் என்று பதில் சொல்லப்பட்டது என்பார்கள்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கோபுரம் என்பது வாசல். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பது பழமொழி. ஆனால் உள்ளே விடப்படாதவர்களுக்குத் தெருவில் நின்று கும்பிட அந்தக் கோபுரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. பல தலைமுறையாக, பிறந்த சாதியைச் சொல்லி, அந்த வாசலிலேயே அவர்களை நிறுத்தினார்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயிலைத் திறந்துவிடும் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுவதற்குமாக வந்தது 1947-ல், ஓமந்தூரார் ஆட்சியில். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த சட்டமும் அதே ஆண்டுதான். இரண்டையும் கொண்டுவந்த ஆட்சியே கோபுரத்தையும் முத்திரையில் வைத்தது. எல்லோருக்கும் திறந்த வாசலாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 1969 ஜனவரி 14-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. முத்திரை வளையத்தில் மேலே ‘தமிழ்நாடு அரசு’, கீழே ‘சத்யமேவ ஜயதே’ இருந்த இடத்தில் ‘வாய்மையே வெல்லும்’ என்று எழுத்து மாறியது. பெரியார் வழியில் வந்த அந்த ஆட்சியும் கோபுரத்தை எடுக்கவில்லை. பதவியை விட்டபின் வடலூருக்கு வந்து வள்ளலார் பணியில் இறங்கிவிட்ட ஓமந்தூரார், 1970 ஆகஸ்டில்தான் மறைந்தார்.