குடி யாருடைய குணம்?

பாகான் செராய் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள்தான் அதிகம். 1900களின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. கரும்பு வெட்டிய தமிழர் கைகள் பால்மரம் சீவத் தொடங்கின.

அந்நாளைய மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை சட்டப்படி நடந்த கடை. வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பும் வழியிலேயே கூலியில் ஒரு பங்கு கரைந்தது. கடையை மூடச் சொன்னால் துரைமார்களிடம் பதில் தயாராக இருந்தது: கள்ளை நிறுத்தினால் இவர்கள் சம்சுவுக்குப் போய்விடுவார்கள்! அதாவது, குடி கூடவே பிறந்த குணமாம்.

அந்தக் 'குணம்' படைத்தவர்கள்தான் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு சேர்த்து, கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். 1947இல் கெடா, பீடோங்கில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். விவகாரம் போலீசாருடன் மோதல் வரை போனது.

இன்று அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். விடுதியில் ஒருவன் பீர் குடிக்கிறான், இன்னொருவன் கஞ்சா இழுக்கிறான் என்று தெரிந்ததும் வீட்டில் என்ன சொல்கிறோம்? "அவன் சுபாவமே அப்படி!" துரைமார் பேச்சு நம் வாய்க்கு வந்துவிட்டது.

சுபாவத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது இனத்தின் சுபாவமல்ல, ஆளின் சுபாவம். கனடா உளவியலாளர்கள் ஷெர்ரி ஸ்டூவர்ட்டும் பட்ரீசியா கோன்ராட்டும் நான்கு குணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். புதுப் பரவசம் தேடுபவன் கூட்டத்தோடு அளவுக்கு மீறிக் குடிப்பான். கஞ்சாவையும் தொட்டுப் பார்ப்பான். யோசிக்காமல் செய்பவன் கிடைத்ததை எல்லாம் எடுப்பான். நெஞ்சு படபடத்தாலே பயப்படுபவன் அதை அடக்கக் குடிக்கிறான். நம்பிக்கை இழந்தவன் மறக்கக் குடிக்கிறான். கடைசி இருவரும் பெரும்பாலும் அமைதியான பிள்ளைகள். பெற்றோர் கண்ணில் படுவதே இல்லை.

பரவசம் தேடும் பிள்ளைக்கு இந்நாட்டில் ஆபத்து அதிகம். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டப்படி, 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கப்படும். 1983இல் அதற்குத் தூக்கு கட்டாயமானது. 2023இல் அந்தக் கட்டாயம் நீங்கியது, தூக்கு நீங்கவில்லை.

கோன்ராட் குழுவினர் பள்ளி மாணவர்களைக் குணவாரியாகப் பிரித்து, இரண்டே அமர்வுகள் பேசிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே பிரசங்கம் கிடையாது. பயப்படுபவனுக்குப் பயத்தைப் பற்றி. பரவசம் தேடுபவனுக்கு அந்தத் துடிப்பை வேறு எதில் செலவிடலாம் என்பதைப் பற்றி. குடி குறைந்தது.