நாலாங் கிளாஸ் வந்த கதை

எதிர்வீட்டுப் பையன் நாலாம் வகுப்பில் படிக்கிறான். ஒரு நாள் சாயங்காலம் தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, நான் வாசிக்கிறேன், கேளுங்கள்" என்று என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கடகடவென்று வாசித்தான். ஒரு தட்டல் இல்லை, தடங்கல் இல்லை. எனக்குப் பரம சந்தோஷம். பக்கத்தைப் புரட்ட வேண்டிய இடம் வந்தது. பையன் புரட்டவில்லை. ஆனால் வாசிப்பு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது!

"அடே, பக்கத்தைத் திருப்பு" என்றேன்.

"வேண்டாம் தாத்தா, எனக்கு வரும்" என்றான்.

அவன் தாயாரிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "மனப்பாடமாவது ஆகிறதே மாமா! நாலாவது முடிவதற்குள் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது" என்று உள்ளே போய் அதை எடுத்து வந்தாள். வாசிப்பு, சொல்வதை எழுதுதல், பெருக்கல், வகுத்தல், பணக் கணக்கு, அளவைகள் என்று வரிசையாகப் போயிற்று. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்னது தெரிய வேண்டும் என்று முதன் முதலில் உட்கார்ந்து பட்டியல் போட்ட புண்ணியவான் யார் என்று எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கதை எழுதுகிறவனுக்குக் கேள்வி எழுந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது. பழைய புத்தகங்களைக் குடைய ஆரம்பித்தேன்.

முதலில் நம் ஊரிலேயே தேடினேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நாலாவது என்று ஒன்று கிடையாது, மூன்றாவதும் கிடையாது. மணலில் விரல் வைத்து எழுதும் பிள்ளையும், ஓலையில் எழுத்தாணி பிடித்த பிள்ளையும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்திசூடி முடிந்தவன் கொன்றைவேந்தனுக்குப் போவான். முடியாதவன் முடிகிற வரைக்கும் ஆத்திசூடியிலேயே இருப்பான். எண்சுவடி மட்டும் எல்லாருக்கும் பொது. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, மா என்றால் இருபதில் ஒரு பங்கு என்று சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றப் பிள்ளைகள் கூடவே கத்துவார்கள். சென்னை ராஜதானி முழுவதும் கணக்கெடுக்கச் செய்து, 1826-இல் கவர்னர் மன்றோ எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்று கண்டிருக்கிறது. அத்தனை பள்ளியிலும் ஒரு நாலாங் கிளாஸ் இருந்ததாக நான் நினைக்கவில்லை. திண்ணைப் பள்ளி பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே பிரம்படிக்கும் பஞ்சமில்லை, வெளியே நிறுத்தப்பட்ட ஜாதிகளுக்கும் பஞ்சமில்லை. வகுப்பு என்ற ஏணி அங்கே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஏணி இங்கிலாந்தில் செய்யப்பட்டது.

அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்குச் சர்க்கார் மான்யம் கொடுத்து வந்தது. பணம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகவே, பிரயோஜனம் உண்டா என்று பார்க்க 1858-இல் நியூகாஸில் பிரபுவின் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். அந்தக் கமிஷனுக்காக ஊர் ஊராகப் போய் விசாரித்தவர்களில் ஜேம்ஸ் ப்ரேஸர் என்ற பாதிரியார் ஒருவர். பிற்காலத்தில் மான்செஸ்டர் பிஷப் ஆனவர். கூலிக்காரன் மகனைப் பத்துப் பதினோரு வயதுக்கு மேல் பள்ளியில் நிறுத்தி வைப்பது நடக்காத காரியம், ஆகையால் அதற்குள் அவனுக்கு என்ன தெரிந்தால் போதும் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். தான் புழங்கும் சொற்களைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். பத்திரிகையில் ஒரு பத்தியைத் தனக்கும் கேட்பவருக்கும் புரியும்படி வாசிக்க வேண்டும். கடைக்காரன் கொடுத்த பில் சரியா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். அயல் தேசத்தின் பேர் காதில் விழுந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். வேதாகம ஞானமும் கொஞ்சம் வேண்டும். பிழைப்புக்காக வீட்டை விட்டுத் தூரம் போனால், அம்மாவுக்குப் புரியும்படி ஒரு கடிதம் எழுத வேண்டும்.

பெரிய படிப்பு ஒன்றுமில்லை. ஏழைக்கு இவ்வளவு போதும் என்ற எஜமான மனப்பான்மை அதில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த அம்மாவுக்குக் கடிதம் என்ற இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன்.

கமிஷன் அறிக்கை ராபர்ட் லோ என்ற மந்திரியின் கைக்கு வந்தது. மகா புத்திசாலி, கண்பார்வை மிகவும் மங்கல், வார்த்தைகளில் கத்தியின் கூர்மை. நாலில் ஒரு பிள்ளைக்குத்தான் நல்ல படிப்பு கிடைக்கிறது என்று கமிஷன் சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தது. இந்தத் திட்டம் மலிவாக இல்லாவிட்டால் பலனுள்ளதாக இருக்கும், பலனில்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று பார்லிமெண்டில் சாமர்த்தியமாகப் பேசினார். 1862-இல் திருத்திய சட்டதிட்டம் அமுலுக்கு வந்தது. முதலில் வயதுப்படி பிள்ளைகளைப் பிரிப்பதாக இருந்தது. கூச்சல் கிளம்பவே, வயதை விட்டுவிட்டு ஆறு 'ஸ்டாண்டர்டு'களை ஏற்படுத்தினார்கள். நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து நாம் புழங்கி வந்த ஸ்டாண்டர்டு என்ற சொல் இப்படித்தான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது.

நாலாம் ஸ்டாண்டர்டுக்கு விதி இதுதான். பள்ளியில் வழங்கும் சற்று உயர்ந்த வாசகப் புத்தகத்திலிருந்து ஒரு சிறு பத்தி வாசிக்க வேண்டும். அதே புத்தகத்தில் வேறு இடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை மெதுவாக, சில சொற்களாக, ஒரே தடவை சொல்ல, அதை எழுத வேண்டும். பணத்தில் ஒரு கணக்குப் போட வேண்டும். அந்த ஊரில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். அணா பைசாவோடு மல்லுக்கு நின்ற நம் பெரியவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. ஆறாம் ஸ்டாண்டர்டுக்குப் போனால்தான் பத்திரிகைப் பத்தி. அம்மாவுக்குக் கடிதம் ஆறிலும் இல்லை. அதைப் பரீட்சை வைத்து மார்க் போட முடியாதல்லவா?

ஆறு வயதைத் தாண்டி, வேண்டிய தடவை பள்ளிக்கு வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 8 ஷில்லிங். வாசிப்பில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. எழுத்தில் தவறினால் இன்னொரு 2 ஷில்லிங் 8 பென்ஸ். கணக்கில் தவறினால் மற்றொன்று. மூன்றிலும் தவறினால் எட்டும் போயிற்று. ஒரு தரம் பரீட்சை கொடுத்த ஸ்டாண்டர்டில் அதே பிள்ளையை மறுபடி நிறுத்தக் கூடாது. வருஷத்துக்கு ஒரு படி ஏறியே தீர வேண்டும் என்ற நியதி பிறந்த இடம் இதுவே. பிள்ளைக்குப் புரிந்ததா என்பது அல்ல, கஜானாவில் ஒரே சரக்குக்கு இரண்டு தடவை பணம் போகக் கூடாது என்பதுதான் அதன் தாத்பரியம்.

இனி உபாத்தியாயர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டு அடுப்பு அந்தப் பிள்ளைகளின் நாக்கு நுனியில் எரிகிறது. பரீட்சை நாளன்று காய்ச்சலில் கிடந்த குழந்தையைக் கூடப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூகோளமும் சரித்திரமும் காசு கொண்டு வரவில்லை. ஆகவே மூலைக்குப் போயின. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை முழுக்க உருப்போட்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிசகாமல் 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிக் கதைகள் உண்டு. எனக்கு எதிர்வீட்டுப் பையனின் திருப்பாத பக்கம் ஞாபகம் வந்தது.

இன்ஸ்பெக்டர்களில் ஒருவர் கவி மாத்யூ ஆர்னால்டு. 35 வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர். சாமர்த்தியமாகத் தயார் செய்தால், எழுதப் படிக்கக் கணக்குப் போடத் தெரியாத பிள்ளையையும் அந்த மூன்றிலும் தேற வைத்துவிடலாம் என்று தம் அறிக்கையிலேயே எழுதினார். சம்பளம் கொடுக்கும் இலாகாவைப் பார்த்து இப்படி எழுத நெஞ்சுத் துணிவு வேண்டும். லோவின் இலாகா இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளை வெட்டுகிறது என்று பார்லிமெண்டில் குற்றச்சாட்டு எழுந்து, 1864-இல் லோ ராஜிநாமாச் செய்தார். ஆனால் திட்டம் போகவில்லை. போகுமா? 1861-இல் 8 லட்சத்துச் சொச்சம் பவுனாக இருந்த மான்யம் 1865-இல் 6 லட்சத்துச் சொச்சமாக இறங்கியிருந்தது. மலிவு என்ற பாதி வாக்கு பலித்துவிட்டது.

இதைவிட விசித்திரம் 1876-இல் நடந்தது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. அதற்கு மேல் பதினான்கு வரை, நாலாம் ஸ்டாண்டர்டு தேறியதாகவோ, இத்தனை வருஷம் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்ததாகவோ அத்தாட்சி வேண்டும் என்று சட்டம் வந்தது. குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம்தான், சந்தேகமில்லை. நடந்தது என்னவென்றால், சூட்டிகையான பிள்ளை பத்து வயதில் நாலாவது தேறி மில்லுக்குப் போனான். மந்தமான பிள்ளை பள்ளியிலேயே உட்கார்ந்திருந்தான். வருகைக்காக மட்டும் கிடைத்த அத்தாட்சிக்கு 'மண்டுகளின் பாஸ்' என்று ஜனங்கள் பேர் வைத்தார்கள். படிப்பு வந்ததற்குத் தண்டனை பஞ்சாலை!

கப்பல் ஏறி வந்த பண்டங்களோடு இந்த ஏற்பாடும் 1860-களில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 'ரிசல்ட் கிராண்டு' என்று பெயர். நம் திண்ணை வாத்தியாரும் இன்ஸ்பெக்டர் வருகிற நாளை எண்ணிக்கொண்டு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். முந்திரியும் காணியும் மெல்ல மறைந்தன. இங்கிலாந்தில் 1890-களில் அந்த முறையைக் கைவிட்டார்கள். 1904-இல்தான் இந்திய சர்க்கார் தீர்மானம் போட்டு அதை நிராகரித்தது. பணம் போயிற்று, ஏணி மட்டும் நின்றுவிட்டது.

அந்த ஏணியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஹார்டாக் கமிட்டி 1929-இல் எண்ணிச் சொன்னது. நாலு வருஷமாவது படிக்காத பிள்ளைக்கு எழுத்து நிலைக்காது என்பது கமிட்டியின் எண்ணம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-இல் ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் 100 பேர் என்றால், 1925-26-இல் நாலாம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். மற்ற 82 பேரில் சிலர் கீழ் வகுப்புகளிலேயே தேங்கிக் கிடந்தார்கள். பலர் மாடு மேய்க்கவும், நாற்றுப் பறிக்கவும், தம்பி தங்கையைத் தூக்கவும் போய்விட்டார்கள். அந்த 18-ஐப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

நேற்று எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, ஒரு தபால் கார்டைக் கையில் கொடுத்து, "ஊரில் இருக்கும் உன் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுது பார்க்கலாம்" என்றேன்.

"எந்தப் பாடத்திலிருந்து தாத்தா?" என்றான்.

"பாடத்திலிருந்து இல்லையடா. உன் பாட்டிக்கு. உனக்குத் தோன்றியதை எழுது."

பென்சிலைக் கடித்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தான். பிறகு நாலு வரி எழுதினான். முன்பல் விழுந்துவிட்டது, பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்று கறுப்பு, லீவுக்கு வருவேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது. நான் திருத்தவில்லை. விலாசம் எழுத வேண்டிய பக்கத்தைத் திருப்பியவன், சட்டென்று எழுந்து, பாட்டியின் பேர் என்ன என்று அம்மாவைக் கேட்க வீட்டுக்கு ஓடினான்.