ஒரு லாச்சியின் பெறுமதி

அரிப்புக் கடற்கரையில் நின்று பார்த்தால் மண்மேட்டு விளிம்பில் சிதைந்த கட்டடம் ஒன்று தெரியும். ஊரில் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். உண்மையில் அது முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்குவதற்காக ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா இல்லையா எண்டு விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. 1906ல் ஒரு கம்பனி இந்த முத்துப் பார்களை 20 வருசக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. கம்பனியும் கலைந்துபோனது.

இண்டைக்கு இதே மாதிரி ஒரு ஏலம் சித்திரக்கதைகளின் மூலப் பக்கங்களுக்கு நடக்குது. மூலப் பக்கம் எண்டால் நாங்கள் வாங்கிப் படிக்கிற அச்சுப் புத்தகம் இல்லை. ஓவியர் பென்சிலால் கீறி, அதுக்கு மேல மை இட்டு, பிழையை வெள்ளை பூசி மறைத்த அந்த ஒரே தாள். ஸ்பைடர்மேன் கதை ஒன்றுக்காக மைக் ஸெக் 1984ல் கீறிய ஒரு பக்கம் 2022ல் 33 இலட்சம் டொலருக்கு மேல் போனது.

எனக்குப் பிடித்தது டின்டின் ஓவியம்தான். 'நீலத் தாமரை' கதைக்காக ஹெர்ஜே 1936ல் வரைந்த அட்டைப்படம் அது. அச்சிடச் செலவு கூட எண்டு பதிப்பகம் அதை விட்டுவிட்டது. பதிப்பாளரின் 7 வயது மகனுக்கு ஹெர்ஜே அதைக் கொடுத்தார், பொடியன் மடித்து லாச்சிக்குள் போட்டான் எண்டு ஒரு கதை இருக்கு. 2021ல் பாரிஸில் அது 30 இலட்சம் யூரோவைத் தாண்டியது. மடிப்புத் தடம் அப்படியே தெரியுது.

எல்லா ஓவியருக்கும் இப்படி நடக்கவில்லை. ஜாக் கேர்பி மார்வலுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் கீறியவர். தன் பக்கங்களைத் திருப்பித் தா எண்டு வருசக்கணக்காகச் சண்டை பிடித்து, 1987ல் கிட்டத்தட்ட 2,000 பக்கங்கள்தான் அவருக்குக் கிடைத்தன.

இங்கே வாருங்கள். கரவெட்டியில் பிறந்த சி. சிவஞானசுந்தரம், எல்லாருக்கும் 'சுந்தர்'. அவருடைய சவாரித்தம்பரையும் மைனர் மச்சானையும் பார்த்துச் சிரிக்காத வீடு வடக்கில் குறைவு. அவர் கொழும்பில் தொடங்கிய 'சிரித்திரன்' பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30 வலிகாமமே இடம்பெயர்ந்தது. 1996ல் சுந்தர் இறந்தார். சிரித்திரன் இதழ்களை இண்டைக்கு 'நூலகம்' இணையத்தளத்தில் படிக்கலாம். அச்சில் வந்ததில் ஒரு பிரதி எரிந்தாலும் இன்னொரு பிரதி எங்கேயோ இருக்கும். மூலப் பக்கத்துக்கு அந்த இன்னொன்று இல்லை.

எங்கட வீட்டிலயும் ஒரு மூலம் இருந்தது. சித்தப்பாவின் றங்குப்பெட்டிக்குள்ள முத்து காமிக்ஸ் கட்டோட ஒரு சீஆர் கொப்பி. இரும்புக்கை மாயாவி அரிப்புக்கு வந்து முத்துக் கள்ளரைப் பிடிக்கிற கதை, முழுக்க அவர் கீறினது. 2007ல் சிலாவத்துறைப் பக்கம் சண்டை வந்தபோது உடுப்போட வெளிக்கிட்டோம். எனக்கு 4 வயது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை.

ஏலத்தில் கொடுக்கிற காசு கோட்டுக்கு மட்டுமில்லை எண்டு இப்ப விளங்குது. ஒரு லாச்சி வருசக்கணக்காக அசையாமல் ஒரு வீட்டில் இருந்ததுக்கும் சேர்த்துத்தான். எங்களுக்கு ஓவியர் இல்லாமல் இல்லை. அப்படி ஒரு லாச்சிதான் இருக்கவில்லை.

முதலீடு எண்டு யாராவது ஆசை காட்டினால் அந்த முத்துக் கம்பனியை நினையுங்கோ. நாளைக்கு எந்த ஓவியருக்கு விலை ஏறும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் யாராவது கீறின தாள் இருந்தால் முதலில் ஸ்கான் பண்ணுங்கோ. செலோடேப் ஒட்டாதேங்கோ, லமினேற் பண்ணாதேங்கோ. மடிக்காமல், வெயில் படாத இடத்தில் வையுங்கோ. பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாகப் பெயரும் வருசமும் எழுதுங்கோ.

போன மாதம் சித்தப்பாவிடம் அந்தக் கதையைத் திரும்பக் கீறச் சொன்னேன். கை நடுங்குது எண்டார். பிறகு ஒரு பக்கம் கீறித் தந்தார். மாயாவியின் கை கொஞ்சம் கோணல். அந்தத் தாள் இப்ப என்ர மேசை லாச்சிக்குள்ள இருக்கு.