இயற்பெயரும் முறைப்பெயரும்: முதற் பொதுத்தேர்தலின் வாக்காளர் பட்டியல்

தோற்றுவாய்

இந்தியக் குடியரசின் முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25 அன்று இமாசலப் பிரதேசத்தின் சினி வட்டத்தில் தொடங்கி, 1952 பிப்ரவரி 21 வரை நடைபெற்றது. மக்களவையின் 489 இடங்களுக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் ஒருங்கே நடந்த இத்தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 17 கோடியே 32 இலட்சம் பேர். 1951 குடிக்கணக்கின்படி எழுத்தறிந்தோர் 18.33 விழுக்காட்டினரே. இத்தேர்தலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் அளவையே வியந்துரைப்பர். இலட்சக்கணக்கான வாக்குச்சாவடிகளும் இருபது இலட்சம் அளவிலான எஃகுப் பெட்டிகளும் அவ்வியப்புக்கு உரியனவே. எனினும் அவ்வேற்பாடுகளுக்கெல்லாம் முன்னதாகத் தீர்க்கப்பட வேண்டியிருந்த ஒரு மொழிச் சிக்கல் போதிய கவனம் பெறவில்லை. வாக்காளர் பட்டியலில் ஒருவரை எப்பெயரால் குறிப்பது என்பதே அச்சிக்கல். அது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தீர்க்கப்பட்டது, அத்தீர்வுக்கு யார் விலை கொடுத்தனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொல்காப்பியப் பெயரியல் விரவுப்பெயர்களை வகுக்குமிடத்து இயற்பெயரையும் முறைப்பெயரையும் வேறுவேறாக வைக்கிறது. சாத்தன், கொற்றன் முதலியவற்றை இயற்பெயருக்கும், தாய், தந்தை என்பவற்றை முறைப்பெயருக்கும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இயற்பெயர் ஒருவரைத் தனியே சுட்டும். முறைப்பெயரோ மற்றொருவரோடு உள்ள தொடர்பின்வழியே சுட்டும். அம்மற்றொருவர் இன்றி அதற்குப் பொருள் நிரம்பாது. இவ்வேறுபாடு ஒரு நாட்டின் வாக்குரிமையையே தொட்டு நின்ற நிகழ்வாக முதற் பொதுத்தேர்தலைக் கருதலாம்.

முந்தைய பட்டியல்களின் மரபு

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வாக்குரிமையைச் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றோடு பிணைத்திருந்தது. அச்சட்டத்தின்கீழ் 1937இல் மாகாணத் தேர்தல்கள் நடந்தபோது வாக்காளர் தொகை ஏறத்தாழ 3 கோடியாக இருந்தது. பெண்களுள் ஒரு பகுதியினர் தம் கணவரது சொத்துத் தகுதியின் அடிப்படையிலேயே வாக்குரிமை பெற்றனர். ஆகவே, ‘இன்னாரின் மனைவி’ என்னும் தொடர் அன்றைய பட்டியலில் வெறும் அடையாளக் குறிப்பாக மட்டும் நிற்கவில்லை. பலருக்கு அதுவே உரிமைக்கான காரணமாகவும் இருந்தது. முறைப்பெயரால் வந்த உரிமை முறைப்பெயராலேயே பதியப்பட்டதில் முரண்பாடு ஏதுமில்லை.

அரசியலமைப்பு இந்நிலையை அடியோடு மாற்றியது. 21 வயது நிரம்பிய குடிமக்கள் யாவர்க்கும் 326ஆம் உறுப்பு வாக்குரிமை அளித்தது. (1989 முதல் அவ்வயது 18 ஆகும்.) சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றால் வேறுபடாத பொதுப்பட்டியல் ஒன்றையே 325ஆம் உறுப்பு ஏற்றது. உரிமை இப்போது தனிமனிதருக்கு உரியதாயிற்று. ஆயின் பட்டியல் எழுதும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை.

பெயர் கூறா மகளிர்

பட்டியல் தயாரிக்கும் பணி, அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன்னரே, 1948இல் அரசியல் நிர்ணய சபைச் செயலகத்தின் வழிகாட்டுதலில் தொடங்கிவிட்டது. 1950 ஜனவரி 25 அன்று தேர்தல் ஆணையம் நிறுவப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்றார். வீடுதோறும் சென்ற பணியாளர்கள் எழுதிவந்த படிகளைச் சரிபார்த்தபோது, பெருந்தொகையான பெண்கள் ‘இன்னாரின் தாய்’, ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவாகியிருந்தமை தெரியவந்தது. அயலார் முன் தம் இயற்பெயரைக் கூறுதல் தகாது என்னும் வழக்கே இதற்குக் காரணம். பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், இராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இவ்வழக்கு மிகுந்திருந்தது.

இயற்பெயர் இன்றிப் பதிவு செய்யலாகாது என்றும், முன்னரே அவ்வாறு பதிந்தவற்றைத் திருத்த வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியது. பீகாரில் இதற்கென ஒரு மாதக் கூடுதல் காலம் தரப்பட்டது. பலர் பெயர் கூறித் தம் பதிவைக் காத்துக்கொண்டனர். எனினும் நாடு முழுவதும் ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களுள் 28 இலட்சம் பேர் இறுதிவரை பெயர் கூறவில்லை. அவர்களுடைய பதிவுகள் நீக்கப்பட்டன. பெண் வாக்காளர் தொகையில் இது மூன்றரை விழுக்காடு. விழுக்காட்டு அளவில் சிறிதாகத் தோன்றினும், ஒரு மக்களவை உறுப்பினருக்குச் சராசரியாக 3 இலட்சத்து 54 ஆயிரம் வாக்காளர் என்னும் கணக்கில், எட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கப் போதுமான மக்கள் தொகை அது.

நீக்கத்தின் நியாயமும் குறையும்

ஆணையத்தின் முடிவுக்குத் தக்க காரணங்கள் இருந்தன. முறைப்பெயர் நிலையற்றது. மகளாகப் பிறந்த ஊரிலும் மனைவியாகப் புகுந்த ஊரிலும் ஒருத்தியே இருமுறை பதிவாகக்கூடும். இரு பதிவுகளும் ஒருவரையே சுட்டுகின்றன என்பதைப் பட்டியலைக் கொண்டு அறிய இயலாது. மனைவியர் இருவர் உள்ள வீட்டில் ‘இன்னாரின் மனைவி’ என்பது எவரைச் சுட்டும் என்பதற்கு விடையில்லை. வாக்குச்சாவடியில் ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் முதற் கருவி பட்டியலே. விரலில் இடும் அழியா மை ஒருவர் மீண்டும் வாக்களிப்பதைத் தடுக்குமேயன்றி, வந்தவர் யார் என்பதைக் கூறாது. இவற்றுக்கு மேலாக, இன்னொருவரின் பெயரைச் சார்ந்தே அறியப்படும் ஒருவர் தனிவாக்குக்கு உரியவர் ஆவதில் உள்ள பொருந்தாமையையும் ஆணையத்தின் முடிவு வெளிப்படுத்தியது. இந்நீக்கத்தால் எழும் சலசலப்பே அடுத்த தேர்தலுக்குள் அவ்வழக்கு மறைவதற்குத் துணைபுரியும் என்பது சுகுமார் சென்னின் எதிர்பார்ப்பு.

மறுபுறமும் கருதத்தக்கதே. 326ஆம் உறுப்பு வாக்குரிமை இழப்புக்குரிய காரணங்களாகக் கூறுவன தொகுதியில் வசியாமை, மனநலக் குறைவு, குற்றம், ஊழல் அல்லது சட்டமுரணான செயல் ஆகியவையே. பெயர் கூறாமை அவற்றுள் இல்லை. நீக்கப்பட்ட பெண்கள் குடிமக்கள் அல்லர் என்றோ, வயது நிரம்பாதவர் என்றோ எவரும் ஐயுறவில்லை. அவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு முந்தைய பதிவே சான்றாக இருந்தது. அவர்கள் செய்தது தம் ஊரின் மொழிவழக்கைப் பின்பற்றியது மட்டுமே. கேட்டவர்களும் பெரும்பாலும் அயல் ஆடவரே. பெயரைக் கூறும் உரிமை அப்பெண்ணின் கையில் முழுமையாக இருந்ததா, அன்றி வீட்டாரின் இசைவைச் சார்ந்திருந்ததா என்பதைப் படிவம் கேட்கவில்லை. ஒரு சமூகத்தின் வழக்கை மாற்றுவதற்குக் கொடுக்கப்பட்ட விலையை, அவ்வழக்கை வகுத்தவர்கள் அன்றி அதற்கு உட்பட்டவர்களே செலுத்த நேர்ந்தது. ஆணையத்தின் கொள்கை சரியென ஏற்போரும் இவ்வுண்மையை மறுத்தல் அரிது.

எழுத்தின் இடத்தில் படம்

இதே தேர்தலில் வேட்பாளர் பெயர் பற்றி எடுக்கப்பட்ட முடிவோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. எழுத்தறியாதவர் வேட்பாளர் பெயரைப் படிக்க இயலாது என்பதால் சின்னங்கள் புகுத்தப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைக்கப்பட்டு அதன்மேல் சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் எக்குறியும் இடாமல், தாம் விரும்பிய பெட்டியில் வாக்குச்சீட்டை இட்டால் போதும். சீட்டில் குறியிடும் முறை பொதுத்தேர்தலில் பரவலாக நடைமுறைக்கு வந்தது 1962இல்தான். தேசியக் கட்சிகளாக ஏற்கப்பட்ட 14 கட்சிகளுக்கும் சின்னங்கள் ஒதுக்கப்பட்டன. காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, சோசலிஸ்டுக் கட்சிக்கு மரம், கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கதிர் அரிவாள், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, ஜனசங்கத்துக்கு விளக்கு, தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்புக்கு யானை என்பன அவற்றுட் சில. பசு, கோயில், தேசியக் கொடி, இராட்டை போன்று சமய உணர்வையோ வேறு ஆழ்ந்த உணர்வையோ எழுப்பக்கூடியவை விலக்கப்பட்டன. அன்றாட வாழ்வில் காணும் பொருள்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை மொழிபெயர்க்கப்பட வேண்டாதவை. சினியிலும் கன்னியாகுமரியிலும் காளை காளையாகவே அறியப்பட்டது.

ஆக, ஒரே தேர்தல் பெயர் தொடர்பாக இரு எதிர்த்திசைகளில் நடந்துகொண்டது. வேட்பாளரை அறிவதற்குப் பெயர் வேண்டா, படம் போதும் என்று வாக்காளருக்கு இறங்கிவந்தது. வாக்காளரை அறிவதற்கு இயற்பெயரன்றி வேறெதுவும் போதாது என்று உறுதியாக நின்றது. எழுத்தறியாமைக்கு ஆணையம் மாற்றுவழி கண்டது. பெயர் கூறாமைக்கு மாற்றுவழி காணவில்லை. முன்னது இயலாமை எனவும், பின்னது விருப்பம் எனவும் கருதப்பட்டமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம். ஆயின் ஒருத்தியின் நிலையிலிருந்து நோக்கினால் இரண்டும் அவள் தேர்ந்துகொள்ளாத சூழலின் விளைவுகளே.

தமிழ் மரபின் ஒளியில்

பெயர் சுட்டலும் சுட்டாமையும் பொருளை மாற்றும் என்பது தமிழ் இலக்கண மரபு நன்கறிந்த செய்தி. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. பெயர் சுட்டப்படின் அப்பாடல் புறமாகும். நெடுநல்வாடையில் எவர் பெயரும் இல்லை. எனினும் பாண்டியரின் அடையாளப் பூவாகிய வேம்பு குறிக்கப்பட்டமையால் அதனைப் புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். பெயருக்கு ஈடாகச் சின்னமும் ஒருவரைச் சுட்டவல்லது என்பதற்கு இது பழஞ்சான்று. இவ்வாய்பாட்டால் நோக்கின், 28 இலட்சம் பெண்களிடம் கேட்கப்பட்டது ஒரு சொல் மட்டுமன்று. அகத்திலிருந்து புறத்துக்கு வருமாறு விடுக்கப்பட்ட அழைப்பும் ஆகும்.

தமிழகத்திலும் பெயர் விலக்கு இல்லாமலில்லை. கணவன் பெயரை மனைவி வாயால் கூறாமை நெடுநாள் வழக்கு. அப்பெயரைக் கேட்டால் அருகிலிருப்போரைக் கூறச் செய்வதும், அதே பெயருடைய தெய்வத்தையோ பொருளையோ குறிப்பால் உணர்த்துவதும் உண்டு. ஆனால் இங்கு மறைக்கப்பட்டது கணவன் பெயர். வடக்கில் மறைக்கப்பட்டது பெண்ணின் தன்பெயர். படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்ப இயலாமைக்கும், அப்படிவத்துக்கு உரியவர் யார் என்பதே மறைதற்கும் உள்ள வேறுபாடு இது.

முடிவுரை

ஆண், பெண் வாக்குப்பதிவு தனித்தனியே கிடைக்கும் 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆண்களுள் 63.31 விழுக்காட்டினரும் பெண்களுள் 46.63 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். 2019இல் பெண்களின் விழுக்காடு 67.18 ஆகி, ஆண்களின் 67.01ஐ முதன்முறையாக விஞ்சியது. 2024இலும் பெண்களே சற்று முந்தினர். சுகுமார் சென்னின் எதிர்பார்ப்பு இறுதியில் பொய்க்கவில்லை எனலாம். எனினும் முதற் பொதுத்தேர்தலுக்கு முன் நீக்கப்பட்டவர்கள் அத்தேர்தலில் வாக்கை இழந்தவர்களே. பிற்காலப் புள்ளிவிவரம் அவ்விழப்பை ஈடு செய்யாது.

மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. ‘பெயர்’ என்னும் படிவச் சொல் எம்மொழியிலும் எளிதில் பெயர்க்கத்தக்கதாகவே தோன்றும். ஆயின் அச்சொல்லால் எழும் வினாவை ஒரு சமூகம் எவ்வாறு புரிந்துகொள்கிறது, யார் முன்னிலையில் விடை கூறும், யார்வழிக் கூறும் என்பவை அகராதியில் இல்லாதவை. தமிழில் ஓட்டுக்கு ‘வாக்கு’ என்னும் சொல் நிலைபெற்றது; அதன் அடிப்படைப் பொருள் சொல் என்பதே. மறைவான வாக்குப்பதிவில் வாக்காளர் தம் விருப்பத்தை வாய்விட்டுக் கூற வேண்டுவதில்லை. முதற் பொதுத்தேர்தலில் பெண்ணிடம் வாய்விட்டுக் கூறுமாறு கேட்கப்பட்டது அவளது இயற்பெயர் ஒன்றே. அதைக் கூறாதவளுக்கு வாக்கும் இல்லாமற் போயிற்று.